ஜப்பான்காரர்களுக்குப் போட்ட டீ

எங்கள் தெருக் குழாய்த் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிந்துவிடும். ஆம்பூரில் தோல் கழுவிய தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, போர்க்கிணறு எல்லாம் உப்பாகிவிட்டது. அண்ணனுக்குக் கிட்னி கெட ஆரம்பித்ததும், முதலில் குடிதண்ணீரை மாற்றச் சொன்னார் வேலூர் டாக்டர். சொல்லிவிட்டார் மகராசன், மாற்றுவதற்கு வேறு தண்ணீர் எங்கே இருக்கிறது? விலைக்கு வாங்கும் கேன் வராத நாட்களில் அண்ணனும் அதே குழாயைத்தான் திறந்தார்.

அந்த நேரத்தில்தான் ஜப்பான்காரர்களும் இங்குள்ள ஒரு கல்லூரியும் கூட்டாகச் சேர்ந்து, வெயிலில் ஓடும் சுத்திகரிப்பு மெஷின் செய்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். தண்ணீர் ரொம்ப மோசமான தெருவுக்குச் சும்மாவே வைப்பார்களாம். அண்ணி விடவில்லை. அந்தக் கல்லூரிக்கு நடையாய் நடந்தார். கடைசியில், வந்து தண்ணீர் பிடித்துப் பார்க்கிறோம் என்றார்கள்.

ஜப்பான்காரர்கள் வந்த அன்று நான் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். போர்த் தண்ணீர் ஏற்றும் தெரு டேங்க்கின் குழாயில் பாட்டில்களில் பிடித்துப் போனதாகச் சொன்னார்கள். பிறகு பதில் வந்தது. உங்கள் தண்ணீரில் குறையில்லை, மெஷின் வேறு ஊருக்குப் போகிறது.

"கண்ணு அவிஞ்சா போச்சு அவங்களுக்கு?" என்று கத்தினேன்.

அண்ணி அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார். "மொத நாளே டேங்கைக் கழுவி, லாரித் தண்ணி வாங்கி ரொப்பிட்டோம். தெருவே சேர்ந்துதான்."

"இன்னாத்துக்கு அண்ணி?"

"அவ்ளோ தூரத்துல இருந்து வர்றாங்க. திரிஞ்ச டீயா குடுக்கறது? கை கழுவினாகூட நாறுமே. அவங்க போர்லதான் புடிப்பாங்கன்னு நெனச்சேன். டேங்குல புடிப்பாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?"

நம் தலையில் நாமே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம். ஆனால் அண்ணியைத் திட்ட வாய் வரவில்லை. வீடு தேடி வந்தவர்களுக்கு நானும் நல்ல தண்ணீரில்தான் டீ போட்டிருப்பேன். கல்லூரிக்கு ஓடி, மறுபடி பிடித்துப் பாருங்கள் என்று கெஞ்சினேன். மெஷினை வேறு ஊரில் மாட்டியாகிவிட்டது, அடுத்த திட்டம் வந்தால் பார்க்கலாம் என்றார்கள். அன்று ராத்திரி அண்ணி எல்லாவற்றையும் அண்ணனிடமே சொல்லி அழுதார்.

அண்ணனுக்கு இப்போது டயாலிசிஸ். போன வாரம் ஆஸ்பத்திரியில் புதிதாக வந்த டாக்டர், "உங்க தெருவுல தண்ணி எப்படி?" என்று கேட்டார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணன் அவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "நல்ல தண்ணிதான் சார்" என்றார்.