ப்ர்னோவுக்குப் போன ஒரு பிரதி

பீசெக் ஊர் வாரப் பத்திரிகையின் அலுவலகத்தில் அப்போலெனாவுக்குப் பத்தொன்பது வருஷமாக ஒரே வேலை. பத்திரிகையை மூன்றாக மடித்து, விலாசம் எழுதிய காகிதப் பட்டையைச் சுற்றி, அதன்மேல் கடிதத்தைவிட மலிவான பத்திரிகைத் தபால்தலையை ஒட்ட வேண்டும். கடிதத் தபால்தலை போல இதற்கு ஓரத்தில் துளை கிடையாது. ஒவ்வொன்றாகக் கத்தரிக்க வேண்டும். பேரரசர் காலத்தில் அதில் சிறகு முளைத்த தொப்பி போட்ட தலை ஒன்று இருந்தது. செக்கோஸ்லோவாக்கியக் குடியரசு வந்ததும் பறக்கும் வல்லூறு வந்தது. ஆட்சி மாறியதே தவிர, அவள் கட்டைவிரலில் கத்தரிக்கோல் போட்ட காய்ப்பு மாறவில்லை. புதன்கிழமை மதிய ரயிலுக்குள் மூட்டை கட்டி முடிப்பதற்குள் இடுப்பு கழன்றுவிடும்.

அவளுக்கு ஒரே மகன், வெண்டெலின். நான்கு வருஷத்துக்கு முன் அவன் கட்டிக்கொண்ட பெண்ணைத் தன் வாசற்படி மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். வாய்க்கொழுப்புதான், வேறென்ன. அவன் ப்ர்னோ நகரத்துக்குப் போய்விட்டான். அவள் போட்ட கடிதங்கள் பிரிக்காமலே திரும்பி வந்தன.

வருஷப் பிறப்பின்போது புது ஆட்களுக்குக் கேட்காமலே ஒரு பிரதி அனுப்புவது அங்கே பத்திரிகைகளின் வழக்கம். வைத்துக்கொண்டால் சந்தாதாரர் என்று பொருள். வேண்டாதவர் பட்டையைப் பிரிக்காமல், மேலே 'வேண்டாம்' என்று எழுதித் தபால்காரரிடமே கொடுத்துவிடலாம். 1927 ஜனவரியில், ஆசிரியர் தந்த பட்டியலின் அடியில் அப்போலெனா ஒரு விலாசத்தைத் தானாகச் சேர்த்தாள்.

பக்கத்தில் பசை தடவிக்கொண்டிருந்த ஹெத்விகா அதைப் பார்த்துவிட்டாள். "ஏன்க்கா, நம்ம சந்தைப் பன்னி விலை ப்ர்னோவுல யாருக்கு வேணும்?"

"எம் புள்ளைக்கு."

ஹெத்விகா தூரிகையைக் கீழே வைத்தாள். "அப்போ உள்ள ரெண்டு வரி எழுதி வையேன்."

"எழுதுனா அது கடுதாசி ஆயிடும். இந்தப் பத்திரிகைத் தபால்தலைய ஒட்டி அனுப்பக் கூடாது. அதுவும் போகட்டும், கடுதாசியத்தான் அவன் பிரிக்கிறதே இல்லையே."

முதல் புதன்கிழமை திரும்பி வந்த பிரதிகளில் அது இல்லை. அப்போலெனா கொஞ்சம் நம்பத் தொடங்கினாள். அடுத்த புதன்கிழமை அது வந்துவிட்டது. பட்டையின்மேல் நீலப் பென்சிலில் 'வேண்டாம்'. வெண்டெலினின் கையெழுத்தேதான். அவள் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"விடுக்கா," என்றாள் ஹெத்விகா. "கல்நெஞ்சுக்காரப் பய."

திரும்பி வரும் பிரதிகளைப் பட்டை நீக்கிப் பழைய காகிதத்தோடு போட வேண்டும். அப்போலெனா பட்டையை உருவினாள். அவள் மூன்றாக மடித்து அனுப்பிய பத்திரிகை உள்ளே நான்காக மடிந்திருந்தது. விரித்தாள். மூன்றாம் பக்கத்தில் எண்ணெய்க் கட்டைவிரல் ஒன்று பதிந்திருந்தது. மடிப்பில் நாலைந்து கசகசா. கசகசா ரொட்டியைத் தின்றுகொண்டே படிக்காதே என்று அவனை எத்தனை தடவை திட்டியிருக்கிறாள். பட்டை கிழியாமல் உருவிப் படித்துவிட்டு, மறுபடி உள்ளே செருகியிருக்கிறான்.

"படிச்சிருக்கான்டி," என்றாள்.

"அப்புறம் ஏன் வேண்டாம்னு எழுதுனான்?"

"எம் புள்ளதானே. வாய் எனக்கு இருக்கிற மாதிரிதானே இருக்கும்."

'வேண்டாம்' என்று வந்த பெயர்களை அடித்துவிடும்படி உள்ளறையிலிருந்து ஆசிரியர் குரல் கொடுத்தார்.

"அடிச்சாச்சுங்க ஐயா," என்றாள் அப்போலெனா. வலிக்கும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இன்னொரு வல்லூறைக் கத்தரித்தாள். ப்ர்னோ விலாசத்தைப் புதுப் பட்டையில் எழுதினாள். அவனுக்கு உருவ லேசாக இருக்கட்டும் என்று இந்த வாரப் பத்திரிகையை நான்காக மடித்தாள்.