மஞ்சள் அலமாரியைச் சுரண்டிய நாட்கள்

எனக்கு ஒரு ஆணி ஒழுங்காக அடிக்க வராது. தெலுங்குச் சீமையில், கச்சிபௌலியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் அடுத்தவன் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பது என் பிழைப்பு. வீட்டில் குழாய் ஒழுகினால் மனைவிதான் ஸ்பேனரை எடுப்பாள். அப்படிப்பட்டவன் ஒரு பழைய மர அலமாரியைப் புதுப்பிக்கிறேன் என்று கிளம்பியதற்கு ஒரே காரணம், அவளுக்கு அப்போது ஆறாம் மாதம்.

அதற்கு முன் இரண்டு முறை கரு தங்கவில்லை. பிறக்கும் முன்னால் குழந்தைக்கென்று எதுவும் வாங்கக்கூடாது என்பது எங்கள் ஈரோட்டுப் பக்க வழக்கம். பிறந்த பிறகும் முதலில் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றுவார்கள். இதையெல்லாம் நம்பாத ஆள் என்று ஆபீசில் பெயர் எடுத்தவன் நான். ஆனால் இரண்டு முறை பட்டவனுக்கு மீறத் துணிச்சல் வரவில்லை. அதனால் வழக்கத்தில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தேன். புதிதாக வாங்கினால்தானே தப்பு? எப்போதோ யாருக்கோ செய்த சாமானைச் சரிசெய்து வைத்தால் யார் என்ன சொல்ல முடியும்?

"பழசுதானுங்களே, வாங்கிட்டு வாங்க" என்றாள் அவளும். இரண்டு பேரும் சேர்ந்து சாமியை ஏமாற்றிவிட்ட மாதிரி சிரித்துக்கொண்டோம்.

போவன்பள்ளியில் பழைய சாமான் கடைக்காரர் "ஹவ் சாப், அசல் சாக்வான்" என்று, அசல் தேக்குதான் என உருதுவில் சத்தியம் செய்து கொடுத்தார். இடுப்பு உயரம், நான்கு இழுப்பறை, உள்ளே பாச்சை உருண்டை வாடை. சனி ஞாயிறுகளில் பால்கனியில் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். விரிசலுக்குப் பட்டி பார்த்து, பிரைமர் அடித்தேன். அவள் கதவோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "அங்க விட்டுப்போச்சு பாருங்க" என்று வேலை வாங்குவாள். என்ன நிறம் என்று கேட்டபோது மட்டும் தயங்கினாள்.

"மஞ்சள் அடிங்க. பையனோ பொண்ணோ, ரெண்டுக்கும் ஆகும்."

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் காதில் விழாதது போல டப்பாவைக் கலக்கினேன்.

எட்டாம் மாதத் தொடக்கத்தில் ஒரு காலை இரத்தப்போக்கு. மதியத்துக்குள் ஆபரேஷன். ஒன்றேகால் கிலோவில் ஒரு பெண். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். மூச்சை மெஷின்தான் விட்டுக்கொண்டிருந்தது. இப்போது எதுவும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். பெயிண்ட் நெடியால் இருக்குமா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை என்றார், ஃபைலிலிருந்து கண்ணை எடுக்காமல். நான் நம்பவில்லை.

மறுநாள் ஈரோட்டிலிருந்து மாமியார் வந்தார். மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு அழைத்துப் போனேன். படுக்கையறையில் அலமாரி மஞ்சளாக நின்றது.

"இது என்னத்துக்குங்க மாப்பிள்ளை?"

பழசு என்றேன். சும்மா சரிசெய்தேன் என்றேன்.

"பழசுக்கு எதுக்குங்க மஞ்ச பெயிண்டு? ரெண்டு போயும் உங்களுக்குப் புத்தி வரலீங்களா?"

மரியாதை குறையாமல்தான் கேட்டார். கன்னத்தில் அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். ஆஸ்பத்திரிக்குத் திரும்பி மகளிடமும் அதையே சொன்னார். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

குழந்தையைக் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் பார்க்க விடுவார்கள். நடுவில் எனக்குச் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய் அலமாரியைப் பால்கனிக்கு இழுத்து, பெயிண்ட் ரிமூவர் தடவிச் சுரண்ட ஆரம்பித்தேன். ஆபீசில் புது மாற்றம் சொதப்பினால் எல்லாவற்றையும் பழையபடி திருப்பிவிடுவோம். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். மஞ்சள் முழுக்கப் போய்விட்டால் நான் எதுவுமே செய்யாதவன் ஆகிவிடுவேன், குழந்தையும் பிழைத்துவிடும்.

மேல்பலகையில் மரம் தெரிந்த அன்று மாலை, மெஷினைக் கொஞ்சம் குறைத்திருப்பதாக நர்ஸ் சொன்னாள். அவ்வளவுதான், எனக்குப் பித்துப் பிடித்தது. மறுநாள் மூன்று இழுப்பறைகளைச் சுரண்டி முடித்தேன். அதற்கடுத்த நாள் உடம்பு தாங்காமல் தூங்கிப்போனேன். அன்றைக்குப் பார்த்துக் குழந்தைக்குக் கிருமித் தொற்று. மெஷினை மறுபடி ஏற்றினார்கள். நான் தூங்கியதால்தான் என்று சத்தியமாக நம்பினேன். ரிமூவர் பட்டு விரல்நுனியெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது. தண்ணீர் கேன் கொண்டுவந்த வாட்ச்மேன், "இப்புடே கதா சார் வேசாரு, மள்ளி எந்துக்கு தீஸ்துன்னாரு?" என்றார். இப்போதுதானே அடித்தீர்கள், ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்கிறார். போய்யா என்று தமிழில் கத்தினேன். பாவம், கேனை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கடைசி இழுப்பறை திறக்கவே இல்லை. பெயிண்ட் காயும் முன் மூடியதில் விளிம்பு ஒட்டியிருந்தது. நான்தான் மூடியிருப்பேன் என்று என்னையே திட்டிக்கொண்டு ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். உள்ளே செய்தித்தாளில் சுற்றி இரண்டு குழந்தைச் சட்டைகள். வெள்ளைத் துணி, முதுகில் நாடா. கடை அட்டையைக்கூடப் பிரிக்கவில்லை.

பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மாமியார் சாப்பிடக் கீழே போயிருந்தார். சட்டைகளைக் கட்டில்மேல் வைத்தேன். மனைவி அவற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நாந்தானுங்க. நீங்க பெயிண்ட் அடிச்ச மறுநாளே போய் வாங்கினேன். மனசு கேக்கல." ஒரு சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். "உங்க அலமாரி பழசுங்க, அதால ஒண்ணுமில்ல. இது புதுசு. எல்லாம் என்னாலதான். அம்மா உங்களைச் சொன்னப்பக்கூட வாயத் தொறக்காம கெடந்தேன்."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நடந்தது வேறு. என் நெஞ்சு லேசாகிவிட்டது. நானில்லை, இவள்தான் என்று ஒரு நொடி, ஒரே நொடி, உள்ளுக்குள் அப்படியொரு நிம்மதி. அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். மடித்துக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது. அதற்குப் பிறகுதான், இதெல்லாம் மூடநம்பிக்கை, அப்படியெல்லாம் பேசாதே என்றேன். மீட்டிங்கில் பேசுகிற குரலில் சொன்னேன்.

பெண் பிழைத்துக்கொண்டாள். நாற்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். இப்போது நாங்கள் தமிழில் கேட்பதற்கெல்லாம் இந்தியில் பதில் சொல்லிக்கொண்டு திரிகிறாள். ஆனால் அவள் பிழைப்பாளா என்று தெரியாத அந்த மதியம் என் மனைவி பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். நான் அதை அவளிடமே விட்டுவிட்டேன். அவளும் அதைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறோம், ஒரு தடவைகூட அவள் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருக்கலாம்.