துபாய் லாண்டரியில் ஒரு லைட்டர்

வெளிநாட்டில் லாண்டரி கவுண்டரில் நிற்பவனுக்கு இரண்டு கை போதும், வாய் தேவையில்லை. எனக்கோ அந்த வாய்தான் கொஞ்சம் நீளம். அயர்ன் பாக்ஸ் ஆவியில் வெந்துகொண்டிருக்கும் சகோதரர்களே, உங்களுக்குப் புரியும்.

கொல்லையில் காய்க்கும் புடவை

"எந்த ஊர்?" என்று கேட்பார்கள். காஞ்சிபுரம் பக்கம் ஐயம்பேட்டை என்பேன். அவ்வளவுதான், சலவைக்குப் போட்ட சட்டையை வாங்க வந்தவர்கள் புடவைக்கு ஆர்டர் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டில் தறி இருக்கிறது, அப்பா நெய்கிறார், வாஸ்தவம்தான். அதுக்காக? ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி சொன்னார்: "லீவுக்குப் போறேல்லா, வரும்போது நாலு சேலை பறிச்சுட்டு வாடே, உங்க கொல்லையில காய்க்கதுதானே!"

பாழாய்ப்போன கை

அந்த லீவுதான் என் உயிர். தங்கச்சிக்குக் கல்யாணம், அண்ணன் நான் ஒருத்தன்தான். மேனேஜர் மலையாளி. கம்ப்ளெயிண்ட் வராமல் இருந்தால்தான் லீவு லெட்டரில் கையெழுத்து என்று சொல்லியிருந்தார்.

அப்போது பார்த்து ஒரு மதுரைக்கார அக்கா, கணவரோடு வந்து புடவையை நீட்டினார். கல்யாண நாளுக்கு அவர் வாங்கித் தந்த அசல் பட்டாம். எங்கள் ஊரில் சந்தேகம் வந்தால் உள்முனையில் ஓர் இழை உருவிக் கொளுத்திப் பார்ப்போம். பட்டு என்றால் முடி கருகிய வாசம் வரும். கவுண்டரில் கிடந்த லைட்டரை எடுத்து, கை தானாக அதைச் செய்துவிட்டது. இழை உருகி உருண்டையாகிவிட்டது. "ஐயோ, இது பட்டு இல்லக்கா" என்றும் சொல்லித் தொலைத்தேன். அக்கா கணவரைப் பார்த்த பார்வையில் எனக்கே வியர்த்தது. கணவர் நேராக மேனேஜரிடம் போனார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னொரு தடவை லைட்டர் எடுத்தா, உன் லீவு லெட்டரை அதிலயே கொளுத்துவேன் மோனே!"

மறுபடியும் வந்தார்

அடுத்த வாரம் அந்தக் கணவர் தனியாக வருகிறார், கையில் ஒரு பை. போச்சுடா, தங்கச்சி கல்யாணத்தைப் போட்டோவில்தான் பார்க்கப்போகிறேன் என்று துணி ரேக்குக்குப் பின்னால் பதுங்கினேன். அவர் ஒரு புதுப் புடவையை மேனேஜர் மேசையில் வைத்தார். "அந்தத் தம்பியக் கூப்பிடுங்க சார். கடைக்காரன் என்னை ஏமாத்திட்டான். ஒரு வாரமா வீட்ல பேச்சே இல்ல. இத அவ கையில குடுக்கறதுக்கு முன்னாடி கொளுத்திப் பாத்துரணும்." மேனேஜர் தன் பாக்கெட்டிலிருந்தே லைட்டரை எடுத்துத் தந்தார். முடி கருகிய நாற்றம் வந்தது. ஆயுசில் அப்படியொரு நறுமணத்தை நான் முகர்ந்ததில்லை! அன்றைக்கே லீவு லெட்டரில் கையெழுத்து.

ஊருக்கு வந்தேன். போனில் கதையெல்லாம் கேட்டிருந்த அம்மா, வாசலிலேயே கட்டிப்பிடித்து அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார்: "லைட்டரக் குடுத்துட்டு உள்ள வா. முகூர்த்தப் புடவை மாப்ள வூட்டுக்காரங்க எடுத்துக்கினு வந்ததுபா!"

யார் எதை நீட்டிப் பட்டு என்றாலும், "ஆமாம், பட்டுதான்" என்று வாங்கி வைத்துக்கொள்வதே இத்தனை வருஷ துபாய் எனக்குக் கொடுத்த ஞானம்.