கைராசி என்ற சொல்லை வெறுத்த டாக்டர்

டாக்டர் சுகிர்தம் ஞாயிற்றுக்கிழமை காலை வேலூரில் தம் வீட்டில் இறந்தார். உடன் வசித்துவந்த தங்கை க்ளோரி தொலைபேசியில் இதை உறுதி செய்தார். மாரடைப்பு. அன்று மாலையே அடக்கம் முடிந்தது. மறுநாள் லாங் பஜாருக்குள் நுழையும்போதே சுவரொட்டி கண்ணில் பட்டது: ‘கைராசி டாக்டரம்மா மறைவு. கண்ணீர் அஞ்சலி.’ உயிரோடு இருந்திருந்தால் அவரே அதைக் கிழித்திருப்பார். நான் கிழிக்கவில்லை. ஒட்டியவர்கள் அன்போடுதான் ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு அந்த அன்பின் மேல்தான் கோபம். அவரை அறிந்தவர்கள் என் கோபத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுபதுகளின் நடுவில் ஆம்பூர்ப் பக்கம் ஒரு பேச்சு இருந்தது. பிள்ளைகளுக்கு மலத்தோடு ரத்தம் போகிறது, தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுநீர்தான் காரணம் என்றார்கள். பத்திரிகைக்காக அதை விசாரிக்கப் போய்த்தான், வேலூர் மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த அவரைச் சந்தித்தேன்.

“அந்தத் தண்ணி மேல நெறைய பாவம் இருக்கு, தாராளமா எழுதுங்க. ஆனா இது அதோடது இல்ல” என்றார்.

குடலின் உள்சுவரில் காம்போடு தொங்கும் சிறு சதை வளர்ச்சி, பாலிப். பிள்ளைக்கு வலி தெரியாது, ரத்தம் மட்டும் போகும். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மயக்கம் கொடுத்து, குழாய் வழியாகப் பார்த்து, காம்பைக் கட்டி அறுத்தால் வேலை முடிந்தது. ஆனால் அவரிடம் வரும் முன்பே பல பிள்ளைகளை மூலம் பவுத்திரம் என்று பலகை மாட்டியவர்களிடம் காட்டியிருந்தார்கள். அன்று வார்டில் ஒரு சிறுவன் குப்புறப் படுத்திருந்தான். “மூலச் சூடுன்னு சொல்லி, காரமருந்து வெச்சுப் பொசுக்கி அனுப்பியிருக்கான் பாருங்க. உள்ள இருந்த பாலிப் அப்படியே இருக்கு. இவனையெல்லாம் வைத்தியர்னு உங்க பேப்பர்ல விளம்பரம் போடுறீங்க.” அவர் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. அவர் சொன்னதில் தவறில்லை.

அடுத்துச் சொல்லப்போகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். பாஷா டேனரியில் தோல் தரம் பிரிப்பவர். மனைவி இறந்தபின் மகள் நஸ்ரினைத் தனியாக வளர்த்தார். வெளிறிப்போய் வந்த அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் பெருங்குடல் முழுக்கப் பாலிப் இருந்தது. இந்த வகை குடும்பத்தில் இறங்கிவரும். விட்டுவைத்தால் இள வயதிலேயே புற்றுநோயாகும்.

“இவ அம்மா எதுல போனாங்க, பாய்?”

“காமாலைங்க.”

“காமாலையா?” டாக்டர் மறுபடி கேட்டார். பாஷா தலையைக் குனிந்துகொண்டார். “ரத்தமா போயித்தான் போய்ட்டா, டாக்டரம்மா. வெளிய தெரிஞ்சா பொண்ண யாரு கட்டுவாங்க?”

“மொதல்ல பொண்ணு இருக்கட்டும், அப்புறம் மாப்ள தேடலாம். தோல்ல ஒரு எடம் கெட்டிருந்தா இன்னா பண்ணுவீங்க?”

“அத்த மட்டும் வெட்டிருவோம்.”

“தோல் பூரா அம்மைத் தழும்பா இருந்தா?”

“கழிச்சிருவோம்.” சொல்லி முடித்ததும் பாஷாவுக்குப் புரிந்துவிட்டது.

பெருங்குடலை அகற்றி, சிறுகுடலின் முனையை மிஞ்சிய மலக்குடலோடு இணைத்தார்கள். நஸ்ரின் பிழைத்தாள், பள்ளிக்கும் போனாள். ஆனால் மிச்சம் விட்ட அந்தப் பகுதியில் பாலிப் மீண்டும் முளைக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க, உள்ளே பார்த்தாக வேண்டும். சில தடவை அழைத்து வந்த பாஷா பிறகு நிறுத்திவிட்டார். டாக்டர் பஸ் ஏறி ஆம்பூருக்கே போனார். நானும் உடன் போனேன்.

“உங்க கை பட்டுச்சு, டாக்டரம்மா. இனிமே ஒண்ணும் வராது. ஊரே சொல்லுது, உங்களுக்குக் கைராசி ஜாஸ்தி.”

“என் கை பட்டது வெட்டி எடுத்த கொடல்ல, பாய். அது ஆஸ்பத்திரியில பாட்டில்ல கெடக்கு. உங்க கைராசி அதுக்குள்ளதான் இருக்கு, வேணும்னா வந்து எடுத்துட்டுப் போங்க. உள்ள மிஞ்சி இருக்கிறதை நான் தொடவே இல்ல.”

பாஷா சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. அதன்பின் நஸ்ரினுக்குக் கல்யாணம் நடந்தது. புகுந்த வீட்டில் எதுவும் சொல்லவில்லை. பரிசோதனை பேச்சே இல்லாமல் போனது. வைத்தியத்துக்குப் போகாமல் இருப்பவரைக்கூட இழுத்து வந்துவிடலாம். குணமாகிவிட்டது என்று மரியாதையோடு கும்பிடுகிறவரை என்ன செய்வது? டாக்டரை வருடக்கணக்கில் எரித்தது இந்தக் கேள்விதான்.

அறுவை நடந்து பதினைந்து வருடம் கழித்து, போன வாரம் நஸ்ரின் தானாகவே வந்தாள், இடுப்பில் மகனோடு. மறுபடி ரத்தம். ஓய்வு பெற்றுவிட்ட டாக்டர் அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். தாம் பயிற்றுவித்த இளம் அறுவை மருத்துவர் உள்ளே பார்த்துத் திசு எடுக்கும்வரை அருகிலேயே நின்றார். திட்டவில்லை. பையனைக் காட்டி, “பத்து வயசு ஆனதும் இவனையும் பாக்கணும். அப்ப நான் இருக்க மாட்டேன். அதைச் சாக்கா சொல்லாத” என்று மட்டும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை ஆம்பூர் போனேன். நஸ்ரினின் மாமியாருக்கு இப்போது எல்லாம் தெரியும். “கைராசி டாக்டரே போய்ட்டாங்க. இனிமே அங்க போயி இன்னா ஆவப்போவுது?” என்றார். பாஷா அருகில் உட்கார்ந்து தலையாட்டினார். ஒரு டாக்டர் செத்ததற்காக இவளும் சாக வேண்டுமா என்று கத்தினேன். நஸ்ரின்தான் மெல்லச் சொன்னாள்: “கையில ஒண்ணும் இல்லன்னு அவங்களே சொன்னாங்க, மாமி.”

சுவரொட்டி ஒட்டிய நண்பர்களே, உங்கள் அஞ்சலி அந்த மாமியார் சொன்னதையே சொல்கிறது. கருவிகள் இருக்கின்றன. அவர் பழக்கிய ஆட்கள் இருக்கிறார்கள். போனது ஒரு மனுஷி, வைத்தியம் அல்ல. அவர் கோபத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். மற்ற புகழெல்லாம் உங்களுக்கே இருக்கட்டும்.

திசுப் பரிசோதனை முடிவு வியாழக்கிழமை வரும் என்று இளம் மருத்துவர் சொன்னார். கெட்டதாக இருந்தால் மிஞ்சிய மலக்குடலையும் உடனே எடுக்க வேண்டும். நஸ்ரினின் கணவர் சரக்கோடு பெங்களூர் போயிருக்கிறார், புதன்கிழமை திரும்புகிறார். அவர் வந்த பிறகுதான் முடிவு என்கிறது வீடு. இதை எழுதி முடிக்கும்வரை, அவள் வியாழக்கிழமை வேலூருக்கு வருவாளா என்பது தெரியவில்லை.