இரண்டு துளைகளும் ஒரு பித்தப்பைப் பொய்யும்

டொக்டர் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். நான்தான் கேட்டுவிட்டு மறந்துபோனேன். இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்ட வேண்டும்போல இருக்கிறது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். நாங்கள் வெளிநாட்டில், லிட்கம் என்ற புறநகரில் ஒரு ஃபிளாட்டில் இருந்தோம். கல்யாணமாகி ஆறு வருடம், பிள்ளை இல்லை. தொப்புளில் சின்னத் துளை போட்டு உள்ளே கமெரா விட்டுப் பார்க்கலாம் என்றார் டொக்டர். கருப்பை வழியாக நீலச் சாயத்தைச் செலுத்துவார்களாம். அது இரண்டு குழாய்களின் நுனியிலும் வழிந்தால் வழி திறந்திருக்கிறது, வழியாவிட்டால் அடைப்பு. எனக்கு அறிய வேண்டியது அது ஒன்றுதான்.

மயக்கம் பாதி தெளிந்தபோது அவர் முகம் என் மேலே குனிந்து ஏதோ சொன்னது. "நீலம்" என்றது காதில் விழுந்தது. நான் நன்றி சொன்னேன். பிறகு மறுபடி உறங்கிவிட்டேன்.

கண் விழித்ததும் கணவரைக் கேட்டேன். "என்னப்பா சொன்னவர்?"

"உமக்குத்தானே சொன்னவர்! நான் காரை இடம் மாத்தி விடப் போயிட்டன். ரெண்டு மணித்தியாலப் பார்க்கிங் அது."

டொக்டர் போய்விட்டார். இரண்டு கிழமையில் அவரை வந்து பார்க்கச் சொல்லித் தாதி ஒரு துண்டுச் சீட்டைத் தந்தாள்.

வீட்டுக்கு வந்தால் வயிறு அவ்வளவாக நோகவில்லை, வலது தோள் கொன்றது. வயிற்றில் துளை போட்டால் தோள் ஏன் நோக வேண்டும்? உள்ளே இடம் உண்டாக்க வயிற்றைக் காற்றால் ஊதுவார்களாம், மிஞ்சிய காற்று தோளில் வலியாகத் தெரியுமாம். அதை ஆஸ்பத்திரியில் தந்த துண்டுப் பிரசுரத்தில் பிறகுதான் படித்தேன். அதற்கு முதல் சிறுநீர் பச்சையாகப் போய், நான் போட்ட சத்தத்தில் கணவர் ஓடி வந்தார். சாயம் குழாய் வழியாகப் போய்த்தான் இப்படி வருகிறதா, இல்லை அடைபட்டுத் திரும்பி வருகிறதா? ஒரு கோதாரியும் விளங்கவில்லை.

யாரிடம் கேட்பது? வெளியே சொன்னால் வெள்ளிக்கிழமைக்குள் மேய்ஸ் ஹில் கோயில் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் பித்தப்பையில் கல்லு என்று கதை கட்டியிருந்தேன். என் கெட்டகாலம், பக்கத்து ஃபிளாட் அன்ரிக்கும் இப்படித்தான் கமெரா விட்டுப் பித்தப்பையை எடுத்திருந்தார்கள். பித்தப்பை எடுத்தால் எண்ணெய் ஆகாது என்று, எண்ணெய் விடாத ரசத்தோடு வந்து நின்றார்.

"கல்லுத் தந்தவங்களே பிள்ளை? எனக்குப் போத்தலில போட்டுத் தந்தவங்கள்."

"இல்லை அன்ரி, எறிஞ்சு போட்டாங்களாம்."

"எங்கை, காயத்தைக் காட்டு பாப்பம்."

காட்டினேன். அவர் எண்ணினார். தொப்புளில் ஒன்று, அடிவயிற்றில் ஒன்று.

"எனக்கு நாலு ஓட்டை. மூண்டு மேலை, நெஞ்சுக்குக் கீழை. உனக்கென்ன ரெண்டு, அதுவும் கீழை?"

"இது புது முறை அன்ரி."

மறுபடியும் ஒருமுறை எண்ணினார். என் சட்டையை இழுத்து மூடிவிட்டு, "ஓம், புது முறையாத்தான் இருக்கும்" என்றபடி ரசத்தைச் சூடாக்கக் குசினிக்குள் போனார். அடுத்த நாள் ஒரு தட்டு நிறையப் பொரித்த ரோல்ஸ் கொண்டுவந்தார். "நீ எண்ணெய் சாப்பிடலாம்" என்றார், வேறொன்றும் கேட்கவில்லை. எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது.

இரண்டு கிழமை கழித்து டொக்டருக்கு முன்னால் நானும் கணவரும் கதிரை நுனியில் இருந்தோம். "இரண்டும் திறந்துதான் இருக்கின்றன. அன்றைக்கே சொன்னேனே, நீங்கள் நன்றியும் சொன்னீர்களே" என்று சிரித்தார். படத்தைக் காட்டினார். குழாய் நுனியில் நீலம் வழிந்துகொண்டிருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் ஃபைலைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "கணவருடைய விந்துப் பரிசோதனை முடிவு மட்டும் இன்னும் வரவில்லையே?"

ஆறு மாதத்துக்கு முன்னமே குடுத்தாச்சு, எல்லாம் ஓக்கேயாம் என்று இவர் எனக்குச் சொல்லியிருந்தார். திரும்பிப் பார்த்தேன். தரை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரில் ஏறியும் அவர் ஸ்டார்ட் பண்ணவில்லை. "குடுக்கேல்லை. பயமா இருந்தது" என்றார்.

எனக்குப் பயமில்லையாக்கும்! என்னை மயக்கி, துளைத்து, காற்றடித்து, சாயமூற்றிப் பார்த்தாயிற்று. இவர் ஒரு சின்னப் போத்தலைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. இரண்டும் திறந்திருக்கிறது என்று துள்ளுவதா, இந்த மனுசனின் கன்னத்தில் ஒன்று போடுவதா என்று தெரியாமல் அழுதேன். அவரும் அழுதார். அதைப் பார்க்க எனக்கு இன்னும் குழம்பிப்போயிற்று.

கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்.

"நாளைக்குப் போய்க் குடுக்கிறியள். டொக்டர் முடிவு சொல்லேக்கை நான் பக்கத்தில இருப்பன். கார் மாத்தப் போகமாட்டன்."