கையெழுத்துப் போடாத தபால்

பிரெஞ்சுக்காரர்கள் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. புதுச்சேரியில் ஒரு சர்க்கார் ஆபீசில் நான் பியூன். எங்கள் மீனவர் குப்பத்திலிருந்து ஆபீஸ் வேலைக்குப் போன முதல் ஆள்.

பியூன்களுக்கு உள்ளே ஒரு பெஞ்சு உண்டு. நாலு பேர் உட்காரலாம். மற்ற மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். எனக்குக் கொல்லைப்பக்கத்துப் படிக்கட்டு. புதிதாக வந்த ஹெட்கிளார்க் போட்ட சட்டம்.

“மீன் வாடை ஃபைல்ல ஏறுதுடா. வெளியவே இரு.”

“நான் கடலுக்குப் போயி ஆறு வருஷம் ஆச்சுங்க.”

“வலைய விட்டா வாடை விட்டுடுமா?”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மனு எழுதுகிறவரிடம் போனேன். பெஞ்சில் எனக்கும் இடம் வேண்டும், அவ்வளவுதான் எழுதச் சொன்னேன். அவர் ஒரு பக்கத்துக்கு நீட்டினார். அடியில் என் பெயரை நானே எழுதினேன். அது ஒன்றுதான் எழுத வரும். மேல் ஆபீசில் கொடுத்தேன்.

மேல் ஆபீசிலிருந்து தபால் கொண்டுவருவது என் வேலை. பத்து நாள் கழித்துத் தபால் கட்டுக்குள் என் மனு இருந்தது. என் கையெழுத்து எனக்குத் தெரியாதா. அங்கிருந்த குமாஸ்தாவைக் கேட்டேன்.

“உங்க ஹெட்கிளார்க்கத்தான் விசாரிக்கச் சொல்லியிருக்கு. அதாம்பா முறை.”

யார்மேல் புகாரோ அவர் கையில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தபால் புத்தகத்தை நீட்டினேன். கையெழுத்துப் போட்டார். பிறகு படித்தார்.

“வாபஸ் வாங்கிக்கறேன்னு எழுதிக் குடு. உன்ன நிரந்தரம் பண்ண நான்தான் எழுதணும், தெரியுமில்ல?”

“எழுத வராதுங்க.”

“பேரு எழுதியிருக்க.”

“பேரு வரும். வாபஸ் வராது.”

அவரே விசாரித்தார், அவரே பதில் எழுதினார். அதையும் நான்தான் சுமந்தேன். அடுத்த வாரம் என் பெயருக்கு முடிவு வந்தது. ஹெட்கிளார்க் எல்லோரும் கேட்கப் படித்தார். புகாரில் உண்மை இல்லை.

“புத்தகத்துல கையெழுத்துப் போட்டு வாங்கிக்க. தீந்துது.”

“போட மாட்டேங்க.”

வாங்குகிறவர் கையெழுத்துப் போடாத தபாலை, கொண்டுவந்த பியூன் அனுப்பிய இடத்துக்கே திருப்பிக் கொண்டுபோக வேண்டும். அங்கே அதுதான் வழக்கம். கொண்டுவந்த பியூன் நான். திருப்பிக் கொண்டுபோய் மேலதிகாரி மேசையில் வைத்தேன்.

“யாரு வாங்க மாட்டேன்னது?”

“நான்தாங்க.”

“ஏன்?”

“எம் புகாருக்கு அவரே பதில் எழுதியிருக்காருங்க. நீங்க விசாரிச்சு எழுதுங்க, வாங்கிக்கறேன்.”

தபால் புத்தகத்தைப் பார்த்தார். என் பெயருக்கு நேரே காலியாக இருந்தது.

“வெச்சிட்டுப் போ.”

திரும்பி வந்து நேரே பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த முதலியார்பேட்டைக்காரர் கொஞ்சம் நகர்ந்தார். இடம் விட்டாரா, ஒதுங்கினாரா, நான் கேட்கவில்லை.

“எழுந்திர்றா. யாரு சொல்லி உக்காந்த?” என்றார் ஹெட்கிளார்க்.

“புகாரு இன்னும் முடியலிங்க. முடியட்டும், அப்புறம் பேசலாம்.”

மேலிருந்து பதில் வரவேயில்லை. நான் எழுந்திருக்கவும் இல்லை. மற்றவர்களைவிட மூன்று வருஷம் பிந்தித்தான் என்னை நிரந்தரம் செய்தார்கள். அந்த மூன்று வருஷமும் பெஞ்சில் உட்கார்ந்துதான் காத்திருந்தேன்.