நோகாத கன்னம்

சென்ற வாரம் ஈப்போ மருத்துவமனையில் தேவகியைப் பார்த்துவிட்டு வந்தேன்.

தேவகி திருநங்கை. சுங்காய் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். ஈப்போவில் மணப்பெண் ஒப்பனை செய்பவர். என் மகளை மணவறைக்கு அணிசெய்து அனுப்பியவரும் அவரே. சென்ற ஆண்டு எல்லை தாண்டிச் சென்று, தாடையெலும்பைச் செதுக்கி முகத்தைப் பெண்முகமாக்கும் அறுவை செய்துகொண்டார். திரும்பி வந்தபின் கண்ணாடியை விட்டு அகலவில்லை. அவ்வளவு மகிழ்ச்சி! அதில் பிறர் குறைசொல்ல என்ன இருக்கிறது?

ஒன்றே ஒன்றுதான்... கீழுதட்டிலும் கன்னத்திலும் உணர்வு திரும்பவில்லை. சுடுதேநீர் வழிந்தாலும் தெரியாது. நரம்பு அடிபடலாம், உணர்வு மீளாமலும் போகலாம் – அறுவைக்கு முன்பே எச்சரித்திருக்கிறார்கள். தொடர்ந்து மருத்துவரிடம் காட்டவும் சொன்னார்களாம். காட்டவில்லை. அடையாள அட்டையிலுள்ள ஆண்பெயரை மருத்துவமனைக் கூடம் அதிரக் கூவுவார்களே என்ற அச்சம்!

அறுவை நலமாக முடிந்தால் அலகு குத்துவதாக வேண்டுதல். தைப்பூசத்தன்று நானும் உடனிருந்தேன். வேல் ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வெளிவந்தது. இமைகூட அசையவில்லை.

அலகைக் கழற்றியதும் அவருடைய அக்காள் கேட்டார்:

"வலிக்கலையாடி?"

"ஒண்ணுமே தெரியலக்கா."

"பாத்தியா! முருகனே தாங்கிட்டான்லா. எத்தன பேச்சு பேசுனாளுங்க... இனி வாயத் தொறக்கட்டும், பாப்போம்!"

காயத்தில் திருநீறு அப்பினார்கள். ஏளனம் செய்த தோட்டத்தாரே கையெடுத்துக் கும்பிட்டார்கள். தேவகி விம்மி அழுதார். அந்த நேரத்தில் நரம்பைப் பற்றி யார் நினைப்பார்கள்?

புண் உள்ளே சீழ் பிடித்தது. வலித்திருந்தால் மறுநாளே ஓடியிருப்பார். கன்னம் வீங்கிய பின்னும், "அருள் எறங்குன எடம், கண்டவன் கை படக்கூடாது" என்று அக்காள் தடுத்திருக்கிறார். காய்ச்சலில் நினைவு தப்பிய பிறகே மருத்துவமனை. சீழ், முக அறுவையின்போது தாடையில் பொருத்திய உலோகத் தகடுவரை போய்விட்டது. தகட்டை எடுத்தார்கள், அரித்த எலும்பையும் சுரண்டினார்கள். ஆசைப்பட்டுப் பெற்ற முகம் இப்போது ஒருபுறம் குழிந்து கிடக்கிறது.

"இவ்ளோ சீழ் இருக்கு... வலிக்கவே இல்லையாம்மா?" என்று மருத்துவர் கேட்டாராம். அம்மா என்று அழைத்ததைத் தேவகி என்னிடம் இருமுறை சொன்னார்.

விடைபெறும்போது கட்டுக்குள்ளிருந்து குழறினார்: "சார், இந்த வாட்டி வலிக்கணும்னு வேண்டியிருக்கேன்லா."

என்ன நேர்த்திக்கடன் என்று மட்டும் நான் கேட்கவில்லை.